ஓடுதள மகாராஜாவின் கடைசி ஆறாட்டு

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று காலை எட்டு மணிக்குள் தென்னிந்திய வான்வெளியை ஒரு தடவை காப்பாற்றியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இட்லி.

ஸ்மிதாவைக் கேட்டால் நடந்தது இவ்வளவுதான் என்பாள்: ஓடுதளத்து வேலி ஓரமாக ஒரு பருந்து மீன் தலையைக் கொத்திக்கொண்டிருந்தது, ஜெயஷீலா ஒரு வெடி போட்டாள், அது பறந்துபோயிற்று. கண்ணால் கண்டவன் நான் சொல்கிறேன். அந்தப் பருந்து சிறகை விரித்தால் கரமனையிலிருந்து கிள்ளிப்பாலம் வரைக்கும் பந்தல் போட்ட மாதிரி நிழல் விழும். அது கொத்தியது மீன் தலையே இல்லை, திமிங்கிலத்தின் தலை. வெடிச் சத்தத்துக்கு அது பயப்படவில்லை. ஜீப்பிலிருந்து நான் இறங்கியதைப் பார்த்துத்தான் கிளம்பியது.

பிற்காலத்தில் சரித்திரம் எழுதப்போகிறவர்களுக்காக என் சேனையைக் குறித்து வைக்கிறேன். அரசாங்க விமானப் பாதுகாப்புப் பிரிவு, திருவனந்தபுரம் கிளை. விமானம் ஏறி இறங்குகிற இடத்தில் எதெது தப்பாகப் போகும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பது தொழில். ரத கஜ துரக பதாதி நான்கும் உண்டு. ரதம், லிங்கம் ஓட்டுகிற ஜீப். துரகம், ஜெயஷீலா, பறவைகள் அவள் பொறுப்பு, பருந்தைக் கண்டால் குதிரை வேகம். பதாதி, ஸ்மிதா, தன் காலால் நடந்து பார்க்காமல் எதையும் நம்பாதவள், எனக்கு அடுத்த ஸ்தானம். கஜம் யார் என்று என் இடுப்புவார் சொல்லும்.

டிசம்பர் 31 அன்று எனக்கு ஓய்வு. அதற்கப்புறம் விமானங்கள் என்ன செய்யுமோ தெரியவில்லை. தம்பானூரில் போய் பஸ் ஏற வேண்டியதுதான்.

செப்டம்பர் 11, வியாழன்

மழை. விமானங்கள் எல்லாம் நேரத்துக்கு வந்தன. நான் அலட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் மொளகூட்டல்; மூன்று தடவை, சரி, ஐந்து தடவை போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 17, புதன்

சென்னையிலிருந்து வீடியோ மீட்டிங். மண்டலத் தலைவர் அனந்த். வயது நாற்பதுகூட இருக்காது, குரலில் இவ்வளவு மரியாதை வைத்துக்கொண்டு இவ்வளவு மோசமான சேதியைச் சொல்ல எங்கே படித்தாரோ.

விஷயம் எங்கள் வாசல் பெட்டி. விமான நிலையத்தில் வேலை செய்கிற யாரும், தான் செய்த தவறைத் தானே எழுதி அதில் போடலாம். எழுதினவருக்குத் தண்டனை கிடையாது. அந்தத் தவறு மறுபடி நடக்காமல் என்ன செய்யலாம் என்று நாங்கள் பார்ப்போம். பாதுகாப்புக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. மூட்டை ஏற்றுகிற வலியதுறைப் பையன்கள் அதற்குக் கும்பசாரப் பெட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சர்ச்சில் பாதிரியார் காதில் பாவத்தைச் சொல்கிற கூண்டு மாதிரி. பெயர் வைத்ததோடு சரி. வருஷம் பிறந்ததிலிருந்து உள்ளே குடியிருப்பது ஒரு சிலந்தி மட்டும்.

"சார், ஒண்ணு உங்க ஏர்போர்ட்ல யாருமே தப்பு பண்றதில்லை. இல்லைன்னா உங்ககிட்ட யாரும் சொல்றதில்லை. எது சார்?" என்றார் அனந்த்.

எங்கள் ஊரில் தேவர்கள்தான் பெட்டி தூக்குகிறார்கள், கந்தர்வர்கள் பெட்ரோல் போடுகிறார்கள், தப்பு எங்கிருந்து வரும் என்றேன்.

அவர் சிரித்தார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு குறிப்பு விட்டுப்போயிருக்கிறாராம்: பஞ்சாபகேசன் சொல்வதை எப்போதும் பத்தால் வகுத்துக்கொள்ளவும். பிறகு சிரிக்காமல் சொன்னார். டிசம்பர் நடுவில் பரிசீலனை. பெட்டி இப்படியே கிடந்தால் கிளையை மூடி, ஆட்களைச் சென்னையோடு சேர்த்துவிடுவார்கள்.

எனக்கென்ன, நான் போகிற ஆள். ஜெயஷீலாவுக்கு எங்கே போனாலும் பருந்து கிடைக்கும். லிங்கம் ஒப்பந்த டிரைவர், வேறு வண்டி பார்த்துக்கொள்வான். ஸ்மிதா? அவள் வீட்டுக்காரர் தம்பானூரில் லாட்ஜ் நடத்துகிறார். லாட்ஜைச் சுருட்டி ரயிலில் ஏற்ற முடியுமா? மகள் பத்தாவது. மீட்டிங் முழுக்க அவள் கைக்கு ஒரே வேலை. பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றி.

செப்டம்பர் 24, புதன்

பெட்டியை நிரப்பப் படையெடுப்பு. விமானத்துக்குப் படி தள்ளுகிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், மூட்டை ஏற்றுகிறவர்கள் எல்லோரையும் கேன்டீனில் கூட்டிப் பழம்பொரியும் சாயாவும் கொடுத்து ஒரு பிரசங்கம் செய்தேன். வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகின கிரேக்கப் பேச்சாளன் டெமாஸ்தனிஸ் கேட்டிருந்தால் கல்லைத் துப்பிவிட்டு என் காலில் விழுந்திருப்பான். 'நான்தான் செய்தேன் என்று முதலில் சொல்கிறவனே வீரன்!' என்று முடித்தபோது கூரை ஓடுகள் கலகலத்தன. பழம்பொரி தீர்ந்தது. பெட்டியில் காகிதம் விழவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் லிங்கம் மெதுவாக ஆரம்பித்தான். "சார், பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பயலுவ ஒண்ணு கேக்கானுவ. அந்த சாருக்குத் தப்பே வராதோன்னு."

"வராது லிங்கம், அது ஒன்றுதான் என் குறை" என்றேன்.

அவன் கியர் மாற்றினான்.

அக்டோபர் 5, ஞாயிறு

லலிதாம்பாளோடு சாலைக் கடைத்தெரு. என்னைக் காயக்கடையில் நிறுத்திவிட்டு அவள் மட்டும் பாத்திரக் கடைக்குள் போனாள். காயம் வாங்க எத்தனை நேரம் ஆகும்? பெருங்காயக் கட்டியின் பூர்வோத்தரத்தைக் கடைக்காரரிடம் கேட்டு, ஆப்கானிஸ்தான் வரைக்கும் போய்த் திரும்பி வந்தும் அவளைக் காணோம். வந்தபோது கையில் ஒன்றும் இல்லை, முகத்தில் மட்டும் ஏதோ இருந்தது. என்ன வாங்கினாய் என்றேன்.

"எல்லாம் உங்ககிட்ட சொல்லணுமோ? நீங்க ஒண்ணை நூறா ஆக்கித் தெருவுக்கெல்லாம் சொல்லுவேள்."

முப்பத்து மூன்று வருஷ தாம்பத்தியத்தில் என்மேல் சுமத்தப்பட்ட ஆயிரமாயிரம் அவதூறுகளில் இது ஒன்று.

அக்டோபர் 13, திங்கள்

பெட்டி காலி. சிலந்தி சௌக்கியம்.

மத்தியானம் ஸ்மிதா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "சார், மெட்ராஸ்ல ஸ்கூல்ல மலையாளம் செகண்ட் லாங்குவேஜா எடுக்கப் பற்றுமோ? சும்மா கேட்டேன்" என்றாள்.

மெட்ராஸ் முழுக்க மலையாளம்தான், அங்கே தமிழ் பேசினால் அபராதம் என்றேன். அவள் சிரித்தாள், எனக்காக. சும்மா கேட்டவள் இல்லை. திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பெண். மகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அதைப் பத்தாவது நடுவில் பிடுங்கி எங்கே நடுவது?

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் எனக்கு இதுதான் வருகிறது.

அக்டோபர் 27, திங்கள்

வியாழக்கிழமை ஐப்பசி ஆறாட்டு. ஒத்திகை முடிந்தது.

அண்டசராசரத்திலும் இப்படி ஓர் ஊர் கிடையாது. சுவாமி கடலில் நீராடப் போகிற வழியில் விமான ஓடுதளம் இருக்கிறது. சுவாமி அந்த வழியில் போகத் தொடங்கி எத்தனையோ தலைமுறைக்கு அப்புறம் வந்தது ஓடுதளம், ஆகையால் ஒதுங்க வேண்டியது ஓடுதளம்தான். சாயங்காலம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். யானை முன்னால் வர, அரண்மனை மகாராஜா சுவாமியோடு நடக்க, வாளும் கேடயமும் தீவட்டியுமாக ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் போகும், இருட்டினபின் அதே வழியில் திரும்பும். அப்புறம் விமான நிலையத்தார் பெருக்குவார்கள். கடைசியில் நாங்கள் வரிசையாக நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் முதல் விமானம் இறங்கலாம்.

வேலிக்கு உள்ளே போகிறவருக்கு ஒரு விதி. சட்டைப் பையில் இருப்பதையெல்லாம் கேட்டில் காட்டிப் பதிந்துவிட்டு உள்ளே போக வேண்டும், வெளியே வரும்போது அதே சாமான்களைக் காட்ட வேண்டும். கழன்று விழக்கூடிய எதுவும் உடம்பில் கூடாது. ஓர் ஆணியை இன்ஜின் உறிஞ்சினால் போதும். இந்த விதியை எழுதிய மகாமேதை யார் என்று நான் சொல்லி எதிர்காலம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்தத் தடவை கையெழுத்து ஸ்மிதாவுடையது என்று முடிவு செய்திருக்கிறேன். கிளை இருந்தால் ஜனவரியிலிருந்து அவள்தானே தலைவி. இருந்தால்.

அக்டோபர் 30, வியாழன். காலை

பாத்திரக் கடை மர்மம் விலகியது.

காப்பியோடு ஒரு பட்டுத் துணிப் பொட்டலம். உள்ளே பித்தளைப் பதக்கம், வட்டமாக, பிஸ்கட் அளவு. பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரை வைத்து அழகாக வெட்டியிருக்கிறாள்: 'ஓடுதள மகாராஜா'. அதற்குக் கீழே பொடி எழுத்தில்: 'வீட்டில் செல்லாது'.

கடைசி ஆறாட்டு டியூட்டி அல்லவா. அவளே தன் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, பதக்கத்துத் துளையில் கோத்து என் சட்டையில் குத்திவிட்டாள். அங்கே போனதும் கழட்டி வச்சுடுங்கோ, உங்க ரூலாக்கும் என்று அவளே சொன்னாள்.

கழற்றி வைக்கத்தான் வேண்டும். மேலே மஞ்சள் ஜாக்கெட் போடுவேன், யாருக்குத் தெரியப்போகிறது? பார்ப்போம்.

அக்டோபர் 30. இரவு

பதக்கம் ஓடுதளத்தில் விழுந்தது. சொன்னேன். தேடிக் கண்டுபிடித்தோம். ஓடுதளம் தாமதமாகத் திறந்தது. தவறு என்னுடையது.

நவம்பர் 1, சனி

நேற்று எழுத வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

கழற்றவில்லை. கேட்டில் ஸ்மிதா எல்லோருடைய சாமான்களையும் பதிந்தாள். என் பங்கு பேனா, சாவி, போன், கைக்குட்டை. பதக்கம் ஜாக்கெட்டுக்கு அடியில் இருந்தது. காட்டவில்லை. உள்ளே பதினாறு வயசுப் பையனின் குஷி. சுவாமியும் போகிறார், மகாராஜாவும் போகிறார், நானும் போகிறேன், நானும் ஒரு மகாராஜா. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. இப்படித் தோன்றுவதற்காகத்தான் அந்த விதியையே எழுதினேன்.

ஊர்வலம் போயிற்று, வந்தது. பெருக்கினார்கள். நாங்கள் டார்ச்சோடு வரிசையாக நடந்தோம். மற்றவர்கள் பத்தடிக்கு ஒரு தடவை குனிந்து பார்க்கிறார்கள். நான் நடுவில் ராஜநடை. ஓர் இடத்தில் ஒரே ஒரு தெச்சிப்பூ கிடந்தது. குனிந்தேன். அது சரித்திர சம்பவம். முழங்கால் சத்தம் கோவளம் கலங்கரை விளக்கத்தில் கேட்டிருக்கும். பூவைத் தூக்கிப் பிடித்து, இது ஒன்று போதும் ஒரு ஜம்போவைக் கவிழ்க்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கேட்டுக்கு வந்தோம். பேனா, சாவி, போன், கைக்குட்டை. சரி. எல்லோருடையதும் சரி. ஷார்ஜா விமானம் கடல் பக்கம் வந்துவிட்டது என்று டவர் சொல்லிற்று. ஸ்மிதா கையெழுத்துப் போடப் பேனா மூடியைக் கழற்றினாள்.

அப்போது நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், பெருமையில்தான். ஊக்கு இருந்தது, வாய் திறந்துகொண்டு. பதக்கம் இல்லை.

எவ்வளவு நேரம் சும்மா நின்றேன்? தெரியாது. நான் எதற்கும் அளவு சொல்கிறவன், இதற்குச் சொல்ல வரவில்லை. நின்றேன், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் வந்துபோனதெல்லாம் இங்கே இருக்கட்டும். பதக்கம் பதிவில் இல்லை, நானே ஒளித்தது, சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால்? பாதுகாப்புப் பிரிவின் தலைவனே ஒரு விளையாட்டுச் சாமானைப் போட்டு ஓடுதளத்தை அடைத்துவிட்டான். அனந்துக்கு வேறு காரணமே வேண்டாம். டிசம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், கிளை போச்சு. ஸ்மிதா சென்னைக்கு. அந்தப் பெண்ணின் மலையாளம் போச்சு. யாரைக் காப்பாற்ற வாயை மூடுகிறேன் என்று எனக்கே ஒரு நல்ல காரணம் தயாராகிக்கொண்டிருந்தது. ரொம்ப நல்ல காரணம்... அதுதான் பயமாக இருந்தது.

அதே சமயம், இருட்டில் எங்கோ ஒரு பித்தளைத் துண்டு. பிஸ்கட் அளவு. ஓர் இன்ஜினுக்கு அது போதும். இதைப் பெரிதாக்கிச் சொல்லவில்லை.

"ஸ்மிதா, என் சட்டையில ஒரு பித்தளைப் பதக்கம் இருந்தது. உள்ள போறப்போ காட்டல. இப்ப அது இல்ல. திறக்க வேண்டாம்."

லிங்கம் சிரித்துவிட்டான். "சாரு இப்பமும் கத விடுதாரு பாத்தியளா!" ஜெயஷீலாவும் சிரித்தாள். நியாயம்தானே? பருந்தைப் பந்தலாக்கினவன், பூவால் ஜம்போவைக் கவிழ்த்தவன். நான் ஜாக்கெட்டைத் திறந்து ஊக்கைக் காட்டப் போனேன். காட்டுவதற்குள் ஸ்மிதா பேனாவை மூடி, வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோய்விட்டாள். ரன்வே திறக்கவில்லை, நாங்கள் திரும்ப உள்ளே போகிறோம், ஷார்ஜா காத்திருக்கட்டும் என்று டவருக்குச் சொல்லிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"சார் எங்க குனிஞ்சீங்க?"

"ஒரு இடத்துலதான்."

"ஒரே தடவைதான் குனிஞ்சீங்க. பூ. வாங்க."

என் தொப்பைக்கும் முழங்காலுக்கும் அரசாங்கம் பாராட்டுப் பத்திரம் தர வேண்டும். மற்றவர்களைப் போல நானும் பத்தடிக்கு ஒரு முறை குனிகிற ஆளாக இருந்தால் விடிய விடியத் தேடியிருப்போம். லிங்கம் ஜீப்பை நேராக அந்த இடத்துக்கு விட்டான், இப்போது சிரிக்கவில்லை. ஜெயஷீலாவின் டார்ச்சில் மின்னிற்று. "மகாராஜா கவுந்து கிடக்கார் சார்" என்று எடுத்து வந்து ஸ்மிதா கையில் கொடுத்தாள், என் கையில் அல்ல.

ஷார்ஜா விமானம் இறங்கியது. அந்த இடத்தின் மேலேயே சக்கரம் உருண்டு போயிற்று. வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஜீப்பில் வரும்போது ஸ்மிதாவிடம் கேட்டேன். அவர்கள் எல்லாரும் கதை என்றார்களே, நீ மட்டும் எப்படி நம்பினாய்?

"சார் சைஸ் சொல்லல்லியே. 'வண்டிச் சக்கரம் மாதிரி'ன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

வீட்டில் லலிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. எல்லாரும் சௌகரியமா எறங்கினாளா என்று கேட்டாள். எறங்கினா என்றேன். சரி, சாப்பிட வாங்கோ என்றாள்.

நவம்பர் 3, திங்கள்

அறிக்கை எழுதினேன். பெட்டியில் போடுவதற்குப் பெயர் தேவையில்லை. என் பெயரையே போட்டேன். 'ஓர் உலோகப் பொருள்' என்று எழுதி ஸ்மிதாவிடம் காட்டினேன்.

"என்ன பொருள் சார்?"

"பதக்கம்."

"அதுல என்ன எழுதியிருந்துது?"

"அதுவும் வேணுமா ஸ்மிதா?"

"பொருளை உள்ளபடி எழுதணும்ங்கிறது சாரோட ரூல் அல்லே."

உள்ளபடி எழுதினேன், இரண்டு வரியையும், இங்கிலீஷில். வீட்டில் செல்லாது என்பதை மொழிபெயர்க்கத் தனியாக ஒரு கால் மணி ஆயிற்று. பெட்டிக்குள் நுழைந்த முதல் காகிதம் என்னுடையது. சிலந்தி எட்டிப் பார்த்துவிட்டு வேறு வீடு தேடிப் போனது.

நவம்பர் 13, வியாழன்

எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தாயிற்று. பெட்டியில் எழுதிப் போட்டவருக்குத் தண்டனை கிடையாது என்பது ஊழியர்களுக்கு. விதியை எழுதினவனே மீறினால் ஒரு குட்டு உண்டு என்றார் அனந்த் போனில். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அறிக்கை தலைமை அலுவலகம் வரைக்கும் போயிருக்கிறதாம். பதக்கத்தின் அந்தக் கடைசி வாசகமும் வேணுமா சார் என்று கேட்டார். ஸ்மிதாவிடம் பேசுங்கள் என்றேன்.

"சார், இந்த ரிப்போர்ட்டை நான் எதாலயும் வகுக்கலை" என்றார்.

கிளையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

பெட்டியில் காகிதம்! நான் போடாத காகிதம்!

படி வண்டிக்காரர் ஒருவர், பெயர் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்க மறந்து இறங்கிவிட்டாராம். வண்டி விமானத்தைப் பார்த்து மெல்ல உருள, ஓடிப்போய்ப் பிடித்தாராம். ஒருவரும் பார்க்கவில்லை. கடைசி வரி: 'மகாராஜாவே எழுதியாச்சு, பின்னே எனக்கெந்தா.'

கேன்டீன் முழுக்கத் தெரிந்திருக்கிறது. பரப்பியது லிங்கம், சந்தேகமே இல்லை. என் பிரசங்கத்தால் அசையாத கல் மனசுகள் என் மானம் போனதும் கரைந்துவிட்டன. டெமாஸ்தனிஸ் இந்த வழியை யோசிக்கவில்லை.

ஸ்மிதா உடனே கிளம்பிப் படி வண்டிகளைப் போய்ப் பார்த்தாள். கறுப்புத் தரையில் கறுப்புக் கட்டை, கண்ணில் எப்படிப் படும்? எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டாள். யார் எழுதினது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

மேலும் மூன்று. அதில் ஒன்று லிங்கத்தின் கையெழுத்து, பெயர் போடாவிட்டால் எனக்குத் தெரியாதா? முப்பதில் போக வேண்டிய இடத்தில் ஐம்பதில் போனானாம். எந்தத் தேதி என்று பார்த்தேன். அன்றைக்குப் பின்சீட்டில் இருந்து, போண்டா ஆறிப்போகிறது, இன்னும் மிதி என்று சொன்னவர் யார் என்பதை அவன் எழுதவில்லை.

நான் எழுதிப் போட்டேன்.

டிசம்பர் 17, புதன்

பரிசீலனை முடிந்தது. கிளை இருக்கும். ஜனவரி முதல் பொறுப்பு ஸ்மிதா.

அனந்த் எங்கள் பெட்டியைப் பற்றி மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்கச் சொன்னார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் ஸ்மிதாவே பேசிவிட்டாள், ஆறு வாக்கியம். நல்ல வாக்கியங்கள். நான் பேசியிருந்தால் அறுநூறு ஆகியிருக்கும், அதில் ஒரு டைனோசர் வந்திருக்கும்.

மீட்டிங் முடிந்ததும் இன்றைக்குக் கொஞ்சம் நேரத்தோடு போகட்டுமா சார் என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி நின்றாள். "இனிமே அவ மலையாளத்துல மார்க் குறைஞ்சா சமாதானமாத் திட்டலாம் சார்."

வயிறு நிறைந்தது. லலிதாவிடம் அடைப் பிரதமன் கேட்டேன், எச்சரிக்கைக் கடிதம் வாங்கினவாளுக்கெல்லாம் கிடையாது என்றாள். பிறகு செய்தாள்.

டிசம்பர் 31, புதன்

வழியனுப்பு விழா. ஒரு மணி நேரம் பேசுவேன் என்று எல்லோரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கேன்டீன் பையன்கள், படி வண்டிக்காரர்கள், டவர்காரர்கள், எள் போட இடமில்லை. எனக்கும் கைவசம் சரக்கு இருந்தது. அந்தப் பருந்தையே எடுத்துக்கொண்டால் போதும்.

"இங்க வேலை செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது" என்றேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஜெயஷீலா மூக்கை உறிஞ்சினாள். லிங்கம் கூரையைப் பார்த்தான். இந்தக் கூட்டத்தை இப்படியே விட்டுப்போவது மகாபாவம் என்று மறுபடி எழுந்து பருந்தை ஆரம்பித்தேன். அது இப்போது கன்னியாகுமரி வரைக்கும் நிழல் போடுகிறது. நாற்பது நிமிஷம். பழம்பொரி சூடாக இருந்தது.

பதக்கம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஸ்மிதா அதை வாசல் பெட்டியின் மூடிமேல் வைத்து முடுக்கிவிட்டாள், நான்கு ஸ்க்ரூ போட்டு. ஆட்டிப் பார்த்தேன். பூகம்பம் வந்தாலும் கழலாது.

கடைசியாக ஒரு தடவை வேலிக்குள் போய் ஓடுதள ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். வெளியே வரும்போது கேட்டில் ஸ்மிதா, பதிவோடு. எத்தனை வருஷத்துப் பழக்கமானாலும் அவள் விடமாட்டாள், விடவும் கூடாது. பேனா, சாவி, போன், கைக்குட்டை, எல்லாம் காட்டினேன்.

"வேற ஏதாவது இருக்கா சார்?"

நாலாயிரம் விமானம், ஒரு சமுத்திரம், ரெண்டு யானை என்று நாக்கு வரைக்கும் வந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அன்றைக்கு வாய் திறந்து நின்ற அதே ஊக்கு. உள்ளே போகும்போதும் காட்டியிருந்தேன், அவள் எழுதியிருந்தாள்.

பதிவைப் பார்த்தாள். 'ஊக்கு, ஒன்று' என்று எழுதி ஒரு சரி போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் லலிதா கையை நீட்டினாள், விழா மாலையை வாங்கிக்கொள்ள. நான் ஊக்கை வைத்தேன். ஒடிஞ்சிருக்கா என்று திறந்து மூடிப் பார்த்தாள். நன்றாகத்தான் மூடிற்று. என்னோடதாக்கும் இது என்று வளையலில் மாட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.